சொட்டுநீர் வாங்குவதற்கு முன்னால் ஒரு வாளி எடுங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: கொல்லையில் பத்துக்குப் பத்து மீட்டர் மிளகாய், ஓடையில் பம்பு வைத்து காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் பாய்ச்சுகிறேன், அப்படியும் மத்தியானம் செடி துவண்டு போகிறது, சொட்டுநீர்க் குழாய் வாங்கிப் போடலாமா?

இப்போது வேண்டாம். பம்புக் குழாயை 20 லிட்டர் வாளியில் விட்டு, நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அரை நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 40 லிட்டர், இரண்டு மணி நேரத்துக்கு 4,800 லிட்டர். மழை இல்லாத நாளில் நம் வெயிலுக்குச் செடி குடிப்பதும் மண்ணில் காய்வதும் சேர்ந்து சுமார் 4, 5 மில்லிமீட்டர்தான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர், ஆக உங்கள் நிலத்துக்கு 400, 500 லிட்டர் போதும். கால் மணி நேர வேலை!

மிச்சத் தண்ணீர் எங்கே போகிறது? ஒரு மீட்டர் நீளத்துக்குப் பத்து மில்லிமீட்டர் இரும்புக் கம்பி வாங்கி, பட்டறையில் மேலே குறுக்குப்பிடி ஒன்று வைத்துக் கேளுங்கள். பாய்ச்சிய மறுநாள் அதை மண்ணில் அழுத்தினால் ஈரம் உள்ள வரை வழுக்கிக்கொண்டு இறங்கும், காய்ந்த மண் வந்ததும் நின்றுவிடும் (கல்லில் முட்டினாலும் நிற்கும், அதனால் நாலைந்து இடத்தில் குத்திப் பாருங்கள்). மிளகாய் வேர் பெரும்பாலும் மேல் ஓரடிக்குள்தான் இருக்கும். கம்பி இரண்டடி இறங்கினால், போட்ட யூரியாவையும் சேர்த்து வேருக்குக் கீழே அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கடையில் விற்கும் இரண்டு முள் ஈரமானியை நான் நம்புவதில்லை, உரம் போட்ட மண்ணில் அது தப்பாகக் காட்டும்.

அப்புறம் அந்தத் துவளல். மத்தியானம் தொங்கி சாயங்காலம் நிமிர்ந்தால் அது வெறும் வெயில், விடுங்கள். விடியற்காலையிலும் தொங்கினால், கம்பி சுலபமாக இறங்குகிறதா பாருங்கள். இறங்கினால் வேர் மூச்சுமுட்டிக் கிடக்கிறது, அல்லது வாடல் நோய். தண்டை அறுத்துத் தெளிந்த தண்ணீரில் பிடியுங்கள், பால் மாதிரி நூல் இறங்கினால் நோய்தான், அந்தச் செடியைப் பிடுங்கி எறியுங்கள்.

பம்பு நேரத்தைக் குறைத்த பிறகு, மில்லில் செம்பனை வெறுங்குலை (பழம் எடுத்த பிறகு மிஞ்சும் குலை) கிடைத்தால் செடியைச் சுற்றிப் பரப்புங்கள், மண் காய்வது நன்றாகக் குறையும். சொட்டுநீர் அதற்கப்புறம்.

திறந்த இடத்தில் ஒரு மைலோ டின்னும் வையுங்கள். மழைக்குப் பிறகு அடிக்கோலால் அளந்து 5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் மறுநாள் பம்பைத் தொட வேண்டாம். அளந்த கையோடு டின்னைக் கவிழ்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் மிளகாயோடு ஏடிஸ் கொசுவையும் வளர்ப்பீர்கள்.