கிராக் கேமும் கான்ஃபிக் ஃபைலும்: வேலூர் பக்கத்துக் கேள்விகள்

காட்பாடி ஹாஸ்டல் மாணவர்: அண்ணா, போன வருஷம் வந்த கேம் ஒண்ணு சீனியர் பென்டிரைவ்ல கொடுத்தார். ஃபோல்டர்ல கோடெக்ஸ் கிராக்னு (காசு கட்டாம ஓடுற மாதிரி பூட்டை உடைச்சது) இருக்கு. நம்பலாமா?

கோடெக்ஸ்ங்கிற கிராக் குழு 2022 பிப்ரவரியிலேயே கடையைச் சாத்தியாச்சு தம்பி. அப்புறம் வந்த கேம்ல அந்தப் பேர் இருந்தா யாரோ ஒட்டின லேபிள். நார்வேயில 1985ல ஆரம்பிச்ச ரேசர் 1911ங்கிற குழு பேர்லயும் இப்படித்தான் போலி சைட் வரும். (அந்த 1911 வருஷம் இல்ல, பேரோட பகுதி.) நிஜக் குழு போட்டதாவே இருந்தாலும் உன் கைக்கு வர்றதுக்குள்ள நாலு கை மாறியிருக்கும்.

குடியாத்தம்: சார், நெட்ல கிடைக்கிற கான்ஃபிக்ல (கேம் செட்டிங்ஸ் எழுதின ஃபைல்) வைரஸ் இருக்கும்னு சொல்றாங்க. அது வெறும் டெக்ஸ்ட்தானே, அதுல எப்படி?

கான்ஃபிக் பெரும்பாலும் ஐஎன்ஐ (.ini) ஃபைலா வரும், அது தானா ஓடாது, சரிதான். வந்தது ஐஎன்ஐதானான்னு முதல்ல பாருங்க. விண்டோஸ் கடைசி எக்ஸ்டென்ஷனை (ஃபைல் வகையைச் சொல்ற வால்) மறைச்சுடும், 'செட்டிங்ஸ்.ஐஎன்ஐ.இஎக்ஸ்இ'ங்கிற ஓடுற புரோகிராம் உங்க கண்ணுக்கு 'செட்டிங்ஸ்.ஐஎன்ஐ'. எக்ஸ்ப்ளோரர்ல வியூ மெனு போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் டிக் போடுங்க. சில கேபி இருக்க வேண்டியது பல எம்பி இருந்தா தொடாதீங்க. ஆர்ஏஆருக்கு (சுருக்கிக் கட்டின ஃபைல்) பாஸ்வேர்டு போடுறது பெரும்பாலும் ஆன்டிவைரஸ் உள்ள எட்டிப் பார்க்கக் கூடாதுன்னுதான். கூடவே 'டிஃபெண்டரை (விண்டோஸோட சொந்த ஆன்டிவைரஸ்) ஆஃப் பண்ணு'ன்னு ஒரு ரீட்மீ குறிப்பு இருந்தா அதோட டெலீட்.

ஏற்கெனவே ஓட்டியாச்சுன்னா நெட்டைப் பிடுங்குங்க. பிரவுசர்ல சேவ் பண்ண பாஸ்வேர்டு எல்லாத்தையும் வேற போன்ல இருந்து மாத்துங்க. விண்டோஸ் ஃபோல்டர்ல சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசிக்குள்ள ஹோஸ்ட்ஸ் ஃபைலை (எந்த சைட் பேர் எங்க போகணும்னு சொல்றது) நோட்பேட்ல திறங்க. வழக்கமா எல்லா வரியும் # குறியோட ஆரம்பிக்கும். குறி இல்லாம ஆன்டிவைரஸ் சைட் பேர் இருந்தா, அப்டேட் வராம யாரோ வழி அடைச்சிருக்காங்க. விண்டோஸை ஃபார்மட் பண்ணிடுறதே நல்லது.

சத்துவாச்சாரி: 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. 'லோ எண்ட் கான்ஃபிக்' போட்டதுல இருந்து கேம் திணறுது.

அன்ரியல்ங்கிற என்ஜின்ல செஞ்ச கேமா இருந்தா என்ஜின் ஐஎன்ஐ ஃபைல்ல ஸ்ட்ரீமிங் பூல்சைஸ் வரியைப் பாருங்க. அது எம்பி கணக்கு. 4096ன்னு இருந்தா பெரிய கார்டுக்காரர் எழுதினது. உங்க கார்டு மெமரி மொத்தத்தையும் டெக்ஸ்சருக்கே (பொருள் மேல ஒட்டுற படம்) கேட்குது. 1500ல ஆரம்பிங்க. மெனுவில மாத்தினது நிக்கலையா? கொடுத்தவர் ஃபைலை மாத்த முடியாதபடி ரீட்-ஒன்லி வச்சிருப்பார், ப்ராப்பர்டீஸ்ல அந்த டிக்கை எடுத்துடுங்க. கேமை மூடிட்டு ஃபைலையே டெலீட் பண்ணா புதுசு தானா உருவாகும்.

ஆம்பூர்: பிஜிஎம்ஐங்கிற போன் கேமுக்கு 90 எஃப்பிஎஸ் (நொடிக்கு 90 ஃப்ரேம்) கான்ஃபிக் போடலாமா ப்ரோ?

வேணாம். கேம் ஃபைலைத் திருத்துறது விதிமீறல், ஐடி போயிடும், காசு கொடுத்து வாங்கின யூசியும் (கேம் காசு) சேர்ந்து போகும். 60 ஹெர்ட்ஸ் திரையில 90 தெரியவும் தெரியாது. நம்ம ஊர் மே மாச வெயில்ல போன் சூடாகித் தானே வேகத்தைக் குறைச்சுக்கும்.

ராணிப்பேட்டை, கேமிங் சென்டர்: 10 சிஸ்டம், எல்லாத்துலயும் கிராக். மாட்டினா என்ன ஆகும் சார்?

பதிப்புரிமைச் சட்டம் 63பி: தெரிஞ்சே பயன்படுத்தினா 7 நாள் முதல் 3 வருஷம் வரை ஜெயில், அபராதம் 50,000 முதல் 2 லட்சம். லாபத்துக்கு இல்லைன்னா ஜெயில் இல்லாம கோர்ட் விடலாம். மணிக்கணக்குல காசு வாங்குற உங்களுக்கு அந்தச் சலுகை கிடைக்காது. ஸ்டீம்ல கஃபேக்களுக்குன்னே தனி லைசென்ஸ் திட்டம் இருக்கு, அதைப் பாருங்க.