கலங்கின டயலிசிஸ் பாக்கை ஊத்திப்போட்டம், பரவாயில்லையோ?

கேள்வி: அம்மாவுக்கு கிட்னி பழுது, வீட்டிலயே வயித்துக்குள்ள தண்ணி விட்டு எடுக்கிற டயலிசிஸ், நாளுக்கு நாலு தரம் நான்தான் பாக் மாத்திறன். முந்தாநாள் வெளியில வந்த தண்ணி கலங்கலா இருந்தது, வயிறு சாதுவா நோகுது எண்டவா, காய்ச்சல் இல்லை, பனடோல் குடுத்துட்டு பாக்கை ஊத்திப்போட்டன். இப்ப கொஞ்சம் தெளிவு. விடலாமோ? ஆடி அமாவாசைக்கு கீரிமலையில தோயோணும் எண்டும் நிக்கிறா.
- ஒரு வாசகி, கொக்குவில்

பதில்: விடாதேங்கோ தங்கச்சி, இண்டைக்கே கூட்டிக்கொண்டு போங்கோ. காய்ச்சல் வந்தாத்தான் கிருமி எண்டில்லை, கனபேருக்கு முதல்ல தெரியிறதே அந்தக் கலங்கல்தான், கிருமியோட மல்லுக்கட்ட வந்த வெள்ளை அணுக்கள்தான் தண்ணியைக் கலக்கிறது. நோவும் இருந்து, லாபில மைக்ரோலீட்டருக்கு 100க்கு மேல வெள்ளை அணு, அதில பாதிக்கு மேல நியூட்ரோபில் எண்ட வகை எண்டு வந்தா பெரிட்டோனைட்டிஸ்தான், அதாவது வயித்துச் சவ்வில கிருமி பிடிச்சிட்டுது. அதுக்குத்தான் கலங்கின பாக்கையே கையோட கொண்டு போகோணும் எண்டுறது, நீங்கள் ஊத்தினது பிழை, சரி, இனி வடிக்கிறதைக் கொண்டு போங்கோ. வீட்டில மிச்சம் கிடக்கிற அன்டிபயோட்டிக் ஒண்டும் குடுத்திடாதேங்கோ, பிறகு லாபில கிருமியை வளத்துப் பாக்கிற கல்ச்சரில அது பிடிபடாமப் போகலாம். நேரத்தோட போனா பாக்குக்குள்ளயே மருந்தைப் போட்டு வயித்துக்க விடுவினம், கனபேருக்கு அதோட சுகம், பிந்தினா வயித்தில வச்சிருக்கிற டியூப்பையே கழட்டி, ரத்தத்தைச் சுத்திகரிக்கிற மெஷினுக்கு மாறவேண்டி வரலாம்.

இனிமேல் வடிச்ச பாக்கை பேப்பருக்கு மேல வச்சுப் பாருங்கோ, எழுத்து வாசிக்கேலாட்டி கலங்கல்.

கிருமி எங்கால வருது எண்டா பெரும்பாலும் எங்கட கையாலதான், டியூப் நுனியில பாக்கைக் கழட்டிக் கொளுவிற அந்த ரெண்டு மூண்டு செக்கனில தோலில இருக்கிற ஸ்டபிலோகொக்கஸ் எண்ட கிருமி உள்ள போயிடும். சவுக்காரம் போட்டு வடிவாக் கழுவி, ஈரம் போகத் துடைச்சு, ரெண்டு பேரும் மாஸ்க் போட்டு, யன்னலைச் சாத்தி ஃபானை நிப்பாட்டுங்கோ (எங்கட வெயிலுக்கு கஷ்டம்தான், கொளுவி முடிஞ்சோடன போடலாம்). டியூப் நுனி தெரியாம நிலத்தில பட்டா திரும்பக் கொளுவாம கிளாம்பைப் பூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடுங்கோ. பூனை இருந்தா அறைக்கு வெளியில, அது டியூப்பைக் கடிச்சு கிருமி போன கதையெல்லாம் இருக்கு. மலச்சிக்கலையும் விடாதேங்கோ, குடலில இருக்கிற கிருமியும் பக்கத்தில வயித்துக்குள்ள வரும்.

கீரிமலை வேண்டாம். கேணியில முழுகினா டியூப் வயித்தால வெளியில வாற இடத்தில ஊர்த்தண்ணி எல்லாம் படும், அம்மா கோவிப்பா, கரையில இருந்து காலை நனைக்கச் சொல்லுங்கோ.