கராஜ் கேள்வி-பதில்: கார் கட்டப் படகுக்காரரைப் பிடியுங்கள்

கேள்வி: ஐயா, லண்டனில் இருக்கிற என் மச்சான் வீட்டுக் கராஜிலேயே ஒரு கிட் கார் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டுகிற கார்) பூட்டிக்கொண்டிருக்கிறார். படம் அனுப்பி அனுப்பி எனக்கும் ஆசை பிடித்துவிட்டது. எங்களிடம் 10 அடிக்கு 18 அடியில் கராஜ் இருக்கிறது, வெல்டிங் கொஞ்சம் தெரியும். அதே கிட்டை இறக்கலாமா, இங்குள்ள சாமானை வைத்தே செய்யலாமா?
(வாசகர், கல்லடி)

பதில்: இறக்கிற எண்ணத்தை விடுங்கள் தம்பி. அங்கே கிட் கார் வளர்ந்ததே வரியால்தான். 1957 இல் லோட்டஸ் செவன் என்ற கிட் கார் வந்தபோது பூட்டி முடித்த காருக்குக் கொள்வனவு வரி, பாகங்களாக வாங்கினால் இல்லை. பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கக் கூடாது என்பதால் கழற்றும் முறையைக் கொடுத்தார்களாம், வாங்கினவர் அதைக் கடைசியிலிருந்து வாசித்தாராம். 1973 இல் வற் வரி வந்ததும் அந்தச் சலுகையும் போச்சு. இங்கே சுங்கத்தில் அப்படி ஒரு சந்து கிடைக்கும் என்று நம்பிக் காசு அனுப்பாதீர்கள்.

இங்குள்ள சாமான் என்றால் பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில்தான். மொரிஸ் மைனரில் பொடியும் (காரின் மேல்கூடு) தளமும் ஒன்று, பொடியை வெட்டினால் கார் இல்லை. பீட்டிலில் தளம் தனி, சுற்றிவர உள்ள போல்ட்டுகளைக் கழற்றிப் பொடியைத் தூக்கினால் எஞ்சின், கியர், பிரேக் எல்லாம் தளத்தோடு நிற்கும். கலிபோர்னியாவில் 1964 இல் பைபர் (கண்ணாடியிழை) பொடி போட்ட மணல் பகியை, அதாவது மணலில் ஓடுகிற திறந்த காரை, முதலில் செய்த புரூஸ் மேயர்ஸ் படகு கட்டிப் பழகின ஆள். ஆகவே உங்களுக்குப் பொடி செய்யத் தெரிந்தவரைக் கார் கராஜில் தேடாதீர்கள், வாழைச்சேனைப் பக்கம் படகுக்குப் பைபர் ஒட்டுகிறவரைப் பிடியுங்கள்.

வாங்கும்போது பின்சீற்றைத் தூக்குங்கள். வலது பக்கம் பெற்றரி இருக்கும், அதன் அடித்தகட்டை ஸ்க்ரூட்ரைவரால் குத்திப் பாருங்கள். நான் பெயின்ற் மினுக்கத்தைப் பார்த்து ஒன்றை வாங்கி வந்து, கால்மிதியைத் தூக்கினால் முற்றத்து மணல் தெரிந்தது. நம்முடைய உப்புக்காற்று அப்படி. செசி நம்பரும் அந்தச் சீற்றுக்கு அடியில் நடு ரனலில்தான் அடித்திருக்கும், அது வாகனப் புத்தகத்தோடு ஒத்துவராவிட்டால் எவ்வளவு மலிவென்றாலும் திரும்பி வாருங்கள். பகி செய்கிறவர்கள் பீட்டில் தளத்தை ஏறத்தாழ 14 அங்குலம் வெட்டிச் சுருக்குவார்கள். நீங்கள் வேண்டாம், "கொஞ்சம் தெரிந்த" வெல்டிங்கை நம்பி ஏறி ஓடுகிற இடம் அல்ல அது. பொடி மாற்றுவதற்கும் முதலே படத்தையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு கச்சேரியில் மோட்டார் போக்குவரத்துப் பகுதியில் கேளுங்கள். வெட்டினபிறகு கேட்டுப் பிரயோசனம் இல்லை.

இடம்? பீட்டில் அகலம் 5 அடி, நீளம் 13 அடிக்குச் சற்று மேல், தாராளமாகப் போகும். ஆனால் கழற்றின பொடிக்கும் அதே இடம் வேண்டுமே! மாமரத்தடியில் ஒரு கொட்டில் போட்டு வையுங்கள், பாதியில் மனம் மாறினால் திரும்பப் பூட்டலாம்.

கேள்வி: பைபர் ஒட்டி இரண்டு நாளாகிறது, மேல்பக்கம் இன்னும் கையில் பிசுபிசுக்கிறது. ஏன்?
(வாசகி, அக்கரைப்பற்று)

பதில்: உள்ளே இறுகி மேலே மட்டும் பிசுபிசுத்தால் பயப்படாதீர்கள். பைபரை ஒட்டுகிற பொலியெஸ்டர் ரெசின் காற்றுப் படுகிற பக்கம் முழுதாக இறுகாது. கடைசிப் பூச்சுக்கு மெழுகு கலந்த ரெசின் அடியுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் மூடிவிடுங்கள். உள்ளேயும் இளக்கமென்றால் ஹார்ட்னர் (ரெசினை இறுக்கும் திரவம்) போதவில்லை. கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம், கச்சான் அடிக்கிற ஆடி மதியத்தில் 10 போதும், இல்லையென்றால் வாளியிலேயே கல்லாகிவிடும். மாரியில் இந்த வேலையே வேண்டாம். அப்புறம் ஒன்று, கோபால்ட்டை (இறுகுவதை விரைவாக்கும் திரவம்) தனியாக வாங்கினால் அதையும் ஹார்ட்னரையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி, பிறகுதான் ஹார்ட்னர்.

கேள்வி: பைபர் மணத்தால் வீட்டில் இருக்க முடியவில்லை என்று மனைவி சண்டை. என்ன செய்ய?
(வாசகர், ஏறாவூர்)

பதில்: அவ சொல்வதுதான் சரி. அது ரெசினில் இருந்து வருகிற ஸ்டைரின் என்ற இரசாயனம், மூச்சுக்கும் கூடாது, தீயும் பிடிக்கும். குசினிக்கு எட்டத்தில், காற்றோட்டமான வெளியில் வைத்து ஒட்டுங்கள்.