பெட்டியை விடுங்கள், தாளை மாற்றுங்கள்

கேள்வி: எங்கள் ஊர் நெல்வயலையும் வரப்போரப் பனைகளையும் வாட்டர்கலரில் வரையப் பழகி வருகிறேன். ஒரு வண்ணத்தின் மேல் மற்றொன்றைப் பூசினால் சேறுபோல் கலங்கிவிடுகிறது. தாளும் நெளிந்து திரிதிரியாக உரிகிறது. கடைக்காரர் 48 வண்ணங்கள் கொண்ட பெட்டியை வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தாள் உரிகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், பணத்தை முதலில் தாளுக்குச் செலவிடுங்கள். சாதாரண டிராயிங் தாள் இரண்டாம் பூச்சின் ஈரத்தைத் தாங்காது. 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனமும் '100 சதவீதம் பருத்தி' என்ற குறிப்பும் உள்ள தாளைக் கேளுங்கள். கனத்தை மட்டும் அச்சிட்டுப் பருத்தியைப் பற்றி ஒன்றும் சொல்லாத தாள் பெரும்பாலும் மரக்கூழில் செய்ததாகவே இருக்கும். 22க்கு 30 அங்குல முழுத்தாள் ஒன்றை வாங்கி எட்டாக வெட்டிக்கொண்டால், பழகுவதற்கு ஏற்ற அளவில் எட்டுத் துண்டுகள் கிடைக்கும்.

வண்ணத்தில் ஐந்தாறு குழாய்கள் போதும். எலுமிச்சை மஞ்சள், காவி மஞ்சள், அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு ஆகியவற்றைக் கொண்டே வயல் முழுவதையும் வரைந்துவிடலாம். குழாயின் மீது நிறமியின் (நிறம் தரும் பொடியின்) குறியீடு ஒன்றே ஒன்று அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அல்ட்ராமரைனுக்கு அது பிபி 29 (PB 29). மூன்று நான்கு நிறமிகளைக் கலந்து செய்த ஆயத்தப் பச்சைதான், அடுக்கும்போது எளிதில் சேறாகிறது. வண்ணம் ஒளி ஊடுருவுவதா என்பதை அறிய, நீரில் கரையாத கறுப்பு மார்க்கரால் கோடு போட்டு, காய்ந்தபின் அதன்மேல் பூசிப் பாருங்கள்; கோட்டின் மேல் வண்ணம் வெளுத்துப் படிந்து நின்றால் அது அடுக்குவதற்கு உதவாது. போஸ்டர் கலர் இப்படித்தான் மறைக்கும்.

வயலுக்கு முதலில் நீர்த்த மஞ்சளைப் பரப்பி, தொட்டால் குளிர்ச்சி தெரியாத அளவுக்குக் காயவிட்டு, அதன்மேல் மெல்லிய நீலத்தை ஒரே இழுப்பில் பூசினால், அடியிலுள்ள மஞ்சள் ஊடாகத் தெரிந்து இளநாற்றின் பச்சை பிறக்கும். தூரிகையால் திரும்பத் திரும்பத் தேய்ப்பதும், அரைகுறையாகக் காய்ந்த பூச்சின் மேல் பூசுவதும் கீழடுக்கைக் கிளப்பிவிடும். விலை உயர்ந்த வண்ணத்துக்கும் இதே கதிதான். பனைகளின் கருமையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் பருத்தித் தாள் என்று விளம்பரம் செய்துவிட்டு வேறு தாளை அனுப்பினால், 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி விற்பனையாளர் அதைத் திரும்பப் பெற மறுக்க முடியாது. விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம்.