பழைய ஆம்ப்ளிஃபையரில் இணைய வானொலி: எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்?

கேள்வி: எங்கள் வீட்டில் 90-களில் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் நல்ல நிலையில் இருக்கின்றன. கேசட் டெக் எப்போதோ போய்விட்டது. ஆகாசவாணியின் ராகம் அலைவரிசையைப் போனில்தான் கேட்கிறோம். ஒரு ப்ளூடூத் ரிசீவர் வாங்கி ஆம்பில் மாட்டிப் பார்த்தேன். சத்தம் மந்தமாக இருக்கிறது, விட்டுவிட்டு வருகிறது, நடுவில் யாராவது கூப்பிட்டால் ரிங்டோன் கூடம் முழுக்க அலறுகிறது. இன்டர்நெட் ரேடியோ வசதியுள்ள புது ரிசீவரே (ஆம்ப்ளிஃபையரும் ரேடியோவும் ஒரே பெட்டியில்) வாங்கிவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். தேவையா? எண்பது தாண்டிய அம்மா தானே போட்டுக் கேட்கும்படி ஏதாவது செய்ய முடியுமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: புது ரிசீவர் வேண்டாம். உங்கள் ஆம்பையும் ஸ்பீக்கரையும் விற்றும்விடாதீர்கள். அதே விலைக்கு அந்தத் தரத்தில் இன்று கிடைப்பது அபூர்வம்.

கடைக்காரர் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையர் என்பது உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்குத் தரும் சாதனம், அவ்வளவுதான். சிக்னல் கேசட்டிலிருந்து வந்ததா இணையத்திலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. ஒழுங்காக வைத்துக்கொண்டால் முப்பது நாற்பது வருஷம் உழைக்கும். அதற்குள்ளேயே பொருத்தித் தரும் இன்டர்நெட் ரேடியோவுக்கு அந்த ஆயுசு கிடையாது. எந்த நிலையம் எந்த முகவரியில் ஒலிபரப்புகிறது என்ற பட்டியல் அந்தப் பெட்டிக்குள் இருப்பதில்லை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. அந்தச் சர்வரை மூடினால் ரேடியோவும் ஊமை.

இது பயமுறுத்தல் இல்லை, நடந்திருக்கிறது. பல கம்பெனிகளின் ரேடியோக்களுக்குப் பட்டியல் கொடுத்துவந்த ரெசிவா சேவை 2021-ல் நின்றது. ரேடியோவில் ஒரு பழுதும் இல்லை, ஆனால் நிலையம் எடுக்காது. பிபிசி 2023-ல் ஷவுட்காஸ்ட் என்ற பழைய முறையில் அனுப்பிவந்த ஸ்ட்ரீம்களை (இணைய ஒலிபரப்புகளை) நிறுத்திப் புதிய முறைக்கு மாறியபோது, அந்த முறை புரியாத ரேடியோக்களில் பிபிசி வராமல் போனது. ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற இணைய இசைப் பெட்டிகளுக்கு லாஜிடெக் நடத்திவந்த இணையச் சேவை 2024-ல் மூடப்பட்டது. கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ என்ற சின்ன வட்டச் சாதனம், இணைய ஒலியைப் பழைய ஆம்புக்குக் கொடுக்க அருமையானது. அதன் தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டது. 2025 மார்ச்சில் கூகுள் தரப்பில் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி, வேலை செய்துகொண்டிருந்தவையும் சில நாள் முடங்கின. பிறகு சரி செய்தார்கள்.

அதனால் என் கணக்கு இதுதான்: ஆம்பும் ஸ்பீக்கரும் நிரந்தரம், இணையத்துக்கும் ஆம்புக்கும் நடுவே இருப்பது தற்காலிகம். தற்காலிகமானது மலிவாக, தனியாகக் கழற்றி மாற்றும்படி இருக்கட்டும்.

இப்போது உங்கள் ஆம்பின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ துளைகள் ஜோடி ஜோடியாக இருக்கும். மேலே ஃபோனோ, ட்யூனர், ஆக்ஸ், டேப் என்று எழுதியிருக்கும். ப்ளூடூத் ரிசீவரை எதில் மாட்டினீர்கள்? ஃபோனோவில் மாட்டியிருந்தால் மந்தமான சத்தத்துக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். பெயரைப் பார்த்து 'போனுக்கானது' என்று நினைத்துச் செருகுகிறவர்கள் நிறையப் பேர். அது ரெக்கார்டு பிளேயருக்கு உரியது. இசைத்தட்டில் பேஸைக் குறைத்துத்தான் பதிந்திருப்பார்கள். அதை ஈடுகட்ட அந்தத் துளை பேஸைத் தூக்கி, ட்ரெபிளை இறக்கி, சிக்னலையும் பல மடங்கு பெருக்கும். வேறு எதை அங்கே கொடுத்தாலும் கொழகொழவென்று, சில சமயம் கிழிந்து கேட்கும். ஆக்ஸ், ட்யூனர், டேப்-இன் மூன்றில் எதுவும் சரி. டேப்-அவுட் என்றிருப்பதில் மட்டும் மாட்டாதீர்கள், அது வெளியே போகும் வழி. டேப் துளையைப் பயன்படுத்தினால் முன்பக்கத்தில் டேப் மானிட்டர் பட்டனை அமுக்க வேண்டியிருக்கும்.

சில பழைய செட்டுகளில் ஆர்சிஏ துளை இருக்காது. அரைவட்டமாக ஐந்து ஓட்டை கொண்ட டின் (DIN) சாக்கெட் இருக்கும். பயப்பட வேண்டாம். மூன்றாம், ஐந்தாம் பின்கள்தான் இடது, வலது உள்வரவு, நடுவில் உள்ள இரண்டாம் பின் கிரவுண்ட். மெக்கானிக்கிடம் இதைச் சொன்னால் ஒரு ஒயர் கட்டித் தருவார். பல வருஷம் சும்மா கிடந்த துளைகளில் பச்சையாகவோ கருப்பாகவோ களிம்பு ஏறியிருக்கும். கான்டாக்ட் கிளீனர் லேசாக அடித்து, பின்னைச் செருகி இரண்டு மூன்று முறை திருகி எடுத்தால் கரகரப்பில் பாதி போய்விடும். கரண்டை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்து, விட்டுவிட்டு வருவது. குற்றவாளி ப்ளூடூத்தா, இணையமா என்று முதலில் பிரியுங்கள். போனில் ஏற்கெனவே இறக்கி வைத்த பாட்டு ஒன்றை அதே ப்ளூடூத் வழியாகப் போடுங்கள். அதுவும் வெட்டினால் ப்ளூடூத். ஆம்பின் இரும்புப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ரிசீவருக்குச் சிக்னல் எட்டாது. கொஞ்சம் நீள ஒயர் போட்டுப் பக்கவாட்டில் வெளியே கொண்டுவாருங்கள். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடினால் இரண்டும் ஒரே அலைவரிசையில் இடித்துக்கொள்ளும். போனை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் சண்டை தீரும். இறக்கிய பாட்டு சுத்தமாக ஓடி, வானொலி மட்டும் வெட்டினால் வைஃபை கூடம் வரை சரியாக வரவில்லை என்று அர்த்தம். அல்லது ஆண்ட்ராய்டு, பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று திரை அணைந்ததும் செயலியைத் தூங்க வைக்கிறது. செட்டிங்ஸில் அந்தச் செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள்.

ப்ளூடூத்தால் தரம் குறைவதும் உண்மைதான். வானொலி நிலையம் ஏற்கெனவே சுருக்கி அனுப்பிய ஒலியைப் போன் விரித்து, ப்ளூடூத்துக்காக மறுபடியும் சுருக்கி அனுப்புகிறது. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த மாதிரி. செய்திக்கும் பேச்சுக்கும் இது ஒன்றும் தெரியாது. கச்சேரியில் தெரியும்.

ஆகவே முதல் வேலையாக ஒயருக்கு மாறிப் பாருங்கள். ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் பின், மறுமுனையில் சிவப்பு-வெள்ளை ஆர்சிஏ. சில நூறு ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும். போனில் ஹெட்போன் துளை இல்லையென்றால் டைப்-சி டாங்கிள் (சார்ஜ் துளையில் செருகும் சிறு இணைப்பான்) தேவை. அதில் இரண்டு வகை உண்டு: உள்ளே சிப் உள்ளது, வெறும் ஒயராக இருப்பது. இரண்டாவது வகை சில போன்களில்தான் வேலை செய்யும். 'டிஏசி' (DAC, டிஜிட்டலை ஒலிச் சிக்னலாக மாற்றும் அந்தச் சிப்) என்று அட்டையில் போட்டிருப்பதை வாங்குங்கள். போனில் வால்யூமை முழுசாக வைத்துவிட்டு, கூட்டிக் குறைப்பதை ஆம்பில் செய்யுங்கள். போனில் குறைத்து ஆம்பில் ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும். போன் சார்ஜில் இருக்கும்போது 'ங்ங்' என்று ஹம் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் ஆம்பில் கோளாறு இல்லை. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறிய டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியை நடுவில் போட்டால் தீரும். மூன்று பின் சார்ஜர் உள்ள லேப்டாப்பிலும் இதே கதைதான்.

ரிங்டோன் பிரச்சினைக்கு: ஏரோப்ளேன் மோடு போட்டு, வைஃபையை மட்டும் திரும்ப ஆன் செய்யுங்கள். வாட்ஸ்அப் அழைப்பு அப்போதும் வரும், அதற்கு 'டூ நாட் டிஸ்டர்ப்'. டிராயரில் தூங்கும் பழைய போன் இருந்தால் இந்த வேலைக்கே அதை ஒதுக்கிவிடலாம். ஒன்று, இருபத்துநாலு மணி நேரமும் சார்ஜிலேயே விடாதீர்கள், பேட்டரி உப்பிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் போனே வேண்டாம் என்று தோன்றினால் தனி ஸ்ட்ரீமர் வாங்கலாம். உள்ளங்கை அளவுப் பெட்டி, வைஃபையில் தானே இணையத்தைப் பிடித்து ஆம்புக்குக் கொடுக்கும். போன் ரிமோட் மட்டுமே. விம் மினி (WiiM, பாத்திர சோப்பு அல்ல) சில ஆயிரம் ரூபாயில் இந்த வேலையைச் செய்கிறது. விம் ப்ரோவில் ஆர்சிஏ துளையும், வைஃபை தகராறு செய்தால் ரவுட்டரிலிருந்து நேராக ஒயர் போட ஈதர்நெட் வசதியும் உண்டு. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் வாங்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நிலையத்தின் ஸ்ட்ரீம் முகவரியை நானே தட்டச்சு செய்து சேர்க்க முடியுமா? முடியும் என்றால் பட்டியல் சேவை நாளைக்கு மூடினாலும் உங்களுக்குக் கவலையில்லை. கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், தெரிந்த கடைக்குப் போங்கள். முகவரி தேட, ரேடியோ பிரௌசர் என்று தன்னார்வலர்கள் நடத்தும் இலவசப் பட்டியல் இருக்கிறது. பல செயலிகளும் அதையே நம்பி ஓடுகின்றன.

வீட்டில் கணினியில் கைவைக்கும் பிள்ளை யாராவது இருந்தால் ராஸ்பெரி பை (Pi) என்ற கையடக்கக் கணினியில் மூட் (moOde) அல்லது வால்யூமியோ என்ற இசை மென்பொருளைப் போட்டு இதையே செய்யலாம். பையில் ஹெட்போன் துளை இருந்தாலும் அது சுமார்தான், மேலே செருகும் டிஏசி பலகை ஒன்று சேர்த்து வாங்க வேண்டும்.

இப்போது ஒரு கசப்பான விஷயம். எவ்வளவு நல்ல பெட்டி வைத்தாலும், நிலையம் எந்தத் தரத்தில் அனுப்புகிறதோ அதற்கு மேல் கேட்காது. குறைந்த பிட்ரேட்டில் (நொடிக்கு அனுப்பும் தகவல் அளவு) அனுப்பினால் முதலில் அடிபடுவது தம்புராவின் ரீங்காரம். தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல அலையும். ஜால்ராவும் கஞ்சிராவின் சதங்கையும் 'ஷ்ஷ்' என்று கரைந்துவிடும். வாய்ப்பாட்டு மட்டும் தப்பித்துக்கொள்ளும். ஒரு ஸ்ட்ரீம் என்ன தரத்தில் வருகிறது என்று பார்க்கக் கணினியில் விஎல்சி போதும். முகவரியைக் கொடுத்து ஓடவிட்டு, டூல்ஸ் மெனுவில் கோடெக் (ஒலியைச் சுருக்கும் முறை) விவரத்தைத் திறந்தால் எழுதியிருக்கும்.

உங்கள் செட்டைச் சோதிக்க, நல்ல தரத்தில் அனுப்பும் நிலையம் ஒன்றைப் போடுங்கள். பிரான்ஸின் எஃப்ஐபி 192 கிலோபிட் ஏஏசி (AAC) என்ற சுருக்க வடிவத்தில் வருகிறது. அமெரிக்காவின் ரேடியோ பாரடைஸ் எதையும் இழக்காத ஃபிளாக் வடிவத்திலேயே தருகிறது, விளம்பரமும் கிடையாது. அவை துல்லியமாகக் கேட்டு, ராகம் மட்டும் மங்கலாக இருந்தால் உங்கள் செட்டைக் குறை சொல்லாதீர்கள், பணமும் செலவழிக்காதீர்கள். 2016 குடியரசு தினத்தன்று தொடங்கிய ராகம், இருபத்துநாலு மணி நேரமும் சாஸ்திரிய இசைக்கென்றே இருக்கும் அலைவரிசை. அந்தச் சரக்குக்காகத் தரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கட்சி. வீட்டில் டிடி ஃப்ரீ டிஷ் இருந்தால் அதன் ரேடியோ பகுதியில் ராகம் வருகிறதா என்று தேடிப் பாருங்கள். வந்தால் செட்டாப் பாக்ஸின் சிவப்பு-வெள்ளை பின்னை நேராக ஆக்ஸில் கொடுத்துவிடலாம், இணையமே வேண்டாம்.

டேட்டாவைப் பற்றிக் கவலை வேண்டாம். 128 கிலோபிட் ஸ்ட்ரீம் மணிக்கு 58 எம்பி அளவு இழுக்கும். தினம் நாலு மணி நேரம் கேட்டாலும் மாதம் 7 ஜிபி. ஃபிளாக் என்றால் மணிக்கு ஏறக்குறைய 400 எம்பி, அதைப் பிராட்பேண்டில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இணையத்தில் வரும் செய்தி கடிகாரத்துக்குப் பிந்தித்தான் வரும், அரை நிமிஷம்கூட ஆகலாம். கேட்பது துண்டு துண்டாகச் சேமித்து அனுப்பப்படுவதால் அப்படி. சமையலறையில் எஃப்எம், கூடத்தில் இணையம் என்று ஒரே நிலையத்தை வைத்தால் எதிரொலிதான் மிஞ்சும்.

கடைசியாக அம்மா. தொடுதிரையும் செயலியும் அவருக்கு வேண்டாம். ஸ்ட்ரீமரில் ராகத்தைப் போட்டு அப்படியே ஓடவிட்டுவிடுங்கள். ஆம்பின் தேர்வுக் குமிழ் ஆக்ஸில் இருக்கட்டும். அம்மா ஆம்பின் பவர் பட்டனை அமுக்கினால் பாட்டு, திரும்ப அமுக்கினால் அமைதி. பழைய வால்வு ரேடியோ போட்ட கைக்கு இது புதிதாகவே தெரியாது. நாள் முழுக்க ஓடினால் 128 கிலோபிட்டில் 1.4 ஜிபி போகும், ஃபைபர் இணைப்பில் அது ஒன்றுமில்லை. கரண்ட் போய் வந்தால்தான் தொல்லை: பல ஸ்ட்ரீமர்கள் தாமாகத் திரும்பத் தொடங்காது, யாராவது போனில் ஒரு தட்டு தட்ட வேண்டும். ரவுட்டரையும் ஸ்ட்ரீமரையும் இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிடுங்கள். இன்வெர்ட்டர் இல்லையென்றால் ராஸ்பெரி பை வழிதான் நல்லது. கரண்ட் வந்ததும் கடைசியாகக் கேட்ட நிலையத்தைத் தானே தொடங்கு என்று மூடில் ஒரு முறை சொல்லி வைத்துவிடலாம்.