வயதான பெற்றோர், சின்னப் பிள்ளைகளோடு ஆர்வி வண்டியில் அலாஸ்கா போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆர்வி என்றால் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. அலாஸ்கா முழுவதையும் ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையை மட்டும் மூட்டை கட்டி வைத்துவிடுங்கள்.

முழங்கால் வலி உள்ள பெற்றோரும் வர வேண்டும், பிள்ளைகள் பனியாற்றில் (கிளேசியர்) நடக்கவும் வேண்டும், கடலோரத்தில் இரவு தங்கவும் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் இதே நிலைதான். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மா, மனைவி, மகள், மகன் என்று ஒரு ஜூன் மாதம் கிளம்பினோம். ஆங்கரேஜில் வண்டியை எடுத்துக்கொண்டு, தெற்கே இருக்கும் கீனாய் தீபகற்பத்தோடு நிறுத்திக்கொண்டோம். நண்பர்கள் பலரும் வடக்கே இருக்கும் டெனாலி, ஃபேர்பேங்க்ஸ் எல்லாம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆங்கரேஜிலிருந்து ஃபேர்பேங்க்ஸ் மட்டுமே சுமார் 360 மைல். பெரியவர்களை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் ஓட்டினால் பார்த்ததைவிட உட்கார்ந்திருந்ததுதான் மிச்சமாகும். கீனாயில் எல்லாமே அரை நாள் ஓட்டத்துக்குள் இருக்கிறது.

முதலில் பனியாறு. இரண்டு இடங்கள், இரண்டும் இரண்டு விதம்.

பனிக்கட்டியின் மேல் ஏறி நடக்க வேண்டும் என்றால் மட்டனுஸ்கா. இது ஒன்று மட்டும் தீபகற்பத்தில் இல்லை, ஆங்கரேஜுக்கு வடகிழக்கே சுமார் 100 மைல். பனியாற்றின் நீளமே 27 மைல். அடிவாரத்துக்குப் போகும் வழி தனியார் நிலம் வழியாக இருப்பதால் கட்டணம் உண்டு. வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன். கீழே இறங்குவது செங்குத்தான சரளைச் சாலை. வாடகை ஆர்விக்கு அது ஒத்துவராது, பல நிறுவனங்கள் சரளைச் சாலையை ஒப்பந்தத்திலேயே தடுத்துவிடுகின்றன. எங்களை வழிகாட்டியின் வேனில் கூட்டிப் போனார்கள். அப்பாவும் அம்மாவும் நெடுஞ்சாலை ஓரத்துப் பார்வையிடத்தில் வண்டியை நிறுத்தி, டீ போட்டுக் குடித்தபடி முழுப் பனியாற்றையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் துணையாக மனைவி இருந்துவிட்டாள். யாருக்கு முடியவில்லையோ அவர்கள் படுத்துக்கொள்ளலாம், கழிப்பறையும் கூடவே இருக்கிறது. காரும் ஹோட்டலுமாகப் போயிருந்தால் இது நடந்திருக்காது.

பனியின் மேல் நடப்பது எப்படி என்று பலருக்கும் தெரிவதில்லை. ஷூவுக்கு அடியில் இரும்புப் பற்கள் கொண்ட கிராம்பான் கட்டுவார்கள், தலைக்கு ஹெல்மெட். குதிகாலை முதலில் ஊன்றும் நம் வழக்கமான நடை அங்கே உதவாது. பாதம் முழுவதையும் தட்டையாக, கொஞ்சம் ஓங்கி வைக்க வேண்டும். கால்களை அகட்டி வைக்காவிட்டால் ஒரு காலின் பல் இன்னொரு கால் பேண்ட்டில் மாட்டிவிடும். மகனுக்கு இது சட்டென்று பிடிபட்டது, எனக்குத்தான் நேரம் ஆனது. ஓரத்தில் பனி இருப்பதே தெரியாது, கல்லும் கரிய மண்ணும் மூடிக் கிடக்கும். உள்ளே போகப் போகத்தான் நீலம் வரும். ஆண்டுக்கணக்கில் மேலே விழுந்த பனியின் பாரத்தில் காற்றுக் குமிழிகள் நசுங்கி வெளியேறிவிடுகின்றன. அந்த இறுகிய பனி சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறது. ஒரு இடத்தில் உருகிய நீர் பனிக்குள் கிணறுபோல் துளைத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தது. குப்புறப் படுத்து எட்டிப் பார்க்க மகன் ஆசைப்பட்டான். வழிகாட்டி விடவில்லை, விடவும் கூடாது. சிறுவர்களுக்கு வயது வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், முன்பதிவிலேயே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது எக்சிட் பனியாறு. சூவர்ட் ஊரிலிருந்து பன்னிரண்டு மைல்கூட ஆகாது, கீனாய் ஃபியர்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. இங்கே பனியைத் தொட முடியாது, தள்ளி நின்று பார்ப்பதுதான். ஆனாலும் ஒரே ஒரு பனியாறுதான் பார்க்க முடியும் என்றால் இதற்குத்தான் என் ஓட்டு. சாலை ஓரத்திலும் நடைபாதையிலும் வெறும் ஆண்டு எண் போட்ட பலகைகள் நிற்கின்றன. அந்தந்த ஆண்டில் பனியாற்றின் முனை எங்கே இருந்தது என்பதற்கான அடையாளம் அவை. 1815இல் ஆரம்பித்து ஒவ்வொன்றாக வரும். அன்றிலிருந்து ஒன்றே கால் மைலுக்கு மேல் பின்வாங்கியிருக்கிறது.

அப்பா பிறந்தது 1951. அந்த எண் போட்ட பலகையும் அங்கே இருக்கிறது. சுற்றிலும் மரமும் புதருமாகக் காடு வளர்ந்துவிட்டது, பனி கண்ணுக்கே தெரியவில்லை. அப்பா பலகையைக் கையால் தொட்டுக்கொண்டு, “நான் பொறந்தப்போ இங்க வரைக்கும் ஐஸ் இருந்துச்சாடா?” என்று கேட்டார். மகளுக்கு அது போதுமாக இருந்தது. அவள் பிறந்த ஆண்டுக்குப் பனி எங்கே இருந்திருக்கும் என்று தானே கணக்குப் போட்டுக்கொண்டு முன்னால் ஓடினாள். புவி வெப்பமடைதல் பற்றிப் பள்ளியில் எத்தனையோ படித்திருக்கிறாள். தாத்தாவின் வயதை வைத்து அளந்து பார்த்தது அன்றைக்குத்தான். உங்கள் பிள்ளைகளை அந்தப் பலகைகளுக்கு முன்னால் அவசரப்படுத்தாதீர்கள். தொடக்கத்தில் பாதை சமதரைதான், பெரியவர்கள் மெதுவாக நடந்துவிடலாம்.

காலில் பலம் உள்ளவர்களுக்கு அங்கிருந்தே ஹார்டிங் பனிவெளிப் பாதை மேலே ஏறுகிறது. போய்வர 8.2 மைல், மைலுக்கு ஏறத்தாழ 1,000 அடி ஏற்றம், ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். உச்சியில் தெரிவது 700 சதுர மைலுக்கு மேல் பரந்த பனிவெளி. எக்சிட் போல நாற்பதுக்கு நெருக்கமான பனியாறுகள் அதிலிருந்து வழிகின்றன. நானும் மகளும் 1.4 மைலில் இருக்கும் மார்மட் புல்வெளி வரை ஏறிவிட்டுத் திரும்பினோம். அதற்கே மேலிருந்து பனியாறு நன்றாகத் தெரிகிறது. கருங்கரடி நடமாடும் பாதை அது, பேசிக்கொண்டே நடங்கள்.

அப்புறம் கடலோரம். சூவர்டில் ரெசரெக்சன் விரிகுடாவை ஒட்டியே நகராட்சியின் முகாம் இடங்கள் உள்ளன. வண்டியின் மூக்கு கடலைப் பார்த்து நிற்கும். 1964 மார்ச்சில் 9.2 அளவில் நிலநடுக்கம் வந்தபோது இந்தக் கரையில் இருந்த துறைமேடைகளும் ரயில் முற்றமும் கடலுக்குள் சரிந்தன, பின்னாலேயே சுனாமியும் வந்தது. அதனால்தான் ஊரின் மிக அழகான இடத்தில் கட்டடம் இல்லாமல் நமக்குக் கூடாரம் போட இடம் இருக்கிறது. 2004ஐ நினைவில் வைத்திருக்கும் அம்மா இதைக் கேட்டதும் சுனாமி வந்தால் தப்பிக்கும் வழி எது என்று பார்த்து வைத்துக்கொள்ளச் சொன்னார். நீங்களும் பார்த்துவிடுங்கள். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கடல்நீர்நாய்கள் மல்லாந்து மிதந்தபடி வயிற்றின் மேல் சிப்பியை வைத்து உடைத்துத் தின்னும். பைனாகுலர் ஒன்றுக்கு இரண்டாகக் கொண்டு போங்கள், ஒன்று என்றால் சண்டை வரும். ஜூனில் இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம் இருக்கும். பிள்ளைகளைத் தூங்க வைக்க ஜன்னலில் தடித்த துணி வேண்டும்.

தீபகற்பத்தின் இன்னொரு கடலோர ஊரான ஹோமரிலும் தங்கினோம். கச்சமாக் விரிகுடாவுக்குள் நாலரை மைல் நீண்டு கிடக்கும் மணல்திட்டு, இரண்டு பக்கமும் தண்ணீர், விடாத காற்று. போகும் வழியில் நினில்ச்சிக்கில் 1901இல் கட்டிய ரஷ்யத் தேவாலயமும், கடலுக்கு அப்பால் ரெடவுட் எரிமலையும் தெரியும்.

சமையல் பற்றி அம்மா சார்பாக இரண்டு வார்த்தை. வண்டிக்குள் கடுகு தாளித்தால் புகை அலாரம் அலறும். ஒற்றை அடுப்பு ஒன்று வாங்கி வெளியே மேசையில் தாளித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் பாத்திரம், எண்ணெய், குப்பை எல்லாம் உள்ளே போய்விட வேண்டும், கரடி ஊர் அது. அரிசி பருப்பு கழுவி, பாத்திரம் தேய்த்தே நம் வீட்டில் கழிவுநீர்த் தொட்டி சீக்கிரம் நிறைந்துவிடும். கழிவைக் கொட்டும் இடமான டம்ப் ஸ்டேஷனில் கழிப்பறைத் தொட்டியை முதலில் திறந்துவிட்டு, அதற்குப் பிறகு சமையல் தண்ணீரைத் திறந்தால் குழாய் தானே கழுவப்பட்டுவிடும்.

ஓட்டுவது நினைத்ததைவிட எளிது. ஆங்கரேஜ்-சூவர்ட் நெடுஞ்சாலை 127 மைல். பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும். பின்னால் ஐந்து வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது அலாஸ்கா சட்டம். வழியில் டர்னகெய்ன் என்ற நீண்ட கடல் கிளையின் ஓரம் போகும்போது பிள்ளைகள் பெலூகா திமிங்கலம் தேடட்டும். ஆனால் கீழே தெரியும் சேற்றுத் திட்டில் யாரையும் கால் வைக்க விடாதீர்கள். மேலே மணல்போல் இருக்கும், கால் புதைந்தால் இறுகிக்கொள்ளும், ஓதம் வேகமாக ஏறிவிடும்.

ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை நல்ல காலம். ஜூலை 4ஐ ஒட்டி மட்டும் சூவர்ட் பக்கம் போகாதீர்கள். மவுண்ட் மாரத்தான் மலையோட்டத்துக்காக ஊரே நிரம்பிவிடும், இடம் கிடைக்காது. நாள் குறைவாக இருந்தால் ஹோமரை விட்டுவிட்டு அந்த நாட்களையும் சூவர்டிலேயே கழியுங்கள். காலையில் பனியாறு, மாலையில் கடல், நடுவில் பெரியவர்களுக்கு ஒரு தூக்கம் என்று இருக்கலாம், வண்டியை அதிகம் நகர்த்தவே வேண்டாம்.