எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் டைப் 1 சர்க்கரை நோய் குணமாகுமா?

கேள்வி: என் 9 வயது மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய் இருப்பது நான்கு மாதங்களுக்கு முன்பு தெரியவந்தது. அன்றிலிருந்து தினமும் இன்சுலின் போட்டு வருகிறோம். நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று உறவினர் ஒருவர் வாங்கித் தந்த மூலிகைப் பொடியையும் கடந்த சில வாரங்களாகக் கொடுக்கிறேன். இப்போது இன்சுலின் தேவை முன்பு இருந்ததில் பாதியாகிவிட்டது. பொடியால்தான் குறைந்தது, விரைவில் இன்சுலினையே நிறுத்திவிடலாம் என்கிறார் அவர். 2025-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ஆய்வு இத்தகைய நோய்களைக் கட்டுப்படுத்தும் டி செல்களைப் பற்றியது என்றும் படித்தேன். அந்தச் சிகிச்சை என் மகளுக்குக் கிடைக்குமா? 12 வயதாகும் என் மகனுக்கும் இந்த நோய் வருமா?

பதில்: இன்சுலினை ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். மற்ற கேள்விகளுக்கு நிதானமாக விடை தேடலாம். இதற்கு மட்டும் தாமதம் கூடாது. அளவைக் குறைப்பதானாலும் சர்க்கரை அளவுகளைப் பார்த்து உங்கள் மருத்துவர் சொன்ன பிறகே குறைக்க வேண்டும். இன்சுலின் அறவே இல்லாத உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. அதிலிருந்து உண்டாகும் கீட்டோன்கள் இரத்தத்தை அமிலமாக்குகின்றன. வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, அரைமயக்கம் என்று ஓரிரு நாட்களுக்குள்ளேயே நிலைமை முற்றி உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

அப்படியானால் அளவு ஏன் குறைந்தது? நோய் கண்டறியப்படும் நாளில், இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்கள் எல்லாமே அழிந்துவிட்டிருப்பதில்லை. எஞ்சியிருப்பவையும் பல வாரங்களாக இரத்தத்தில் ஏறியிருந்த சர்க்கரையால் திணறி, சுரக்க இயலாமல் இருக்கின்றன. ஊசி வழியாக இன்சுலின் கிடைத்துச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததும், அந்தச் செல்கள் சற்றே தெளிந்து மீண்டும் சுரக்கத் தொடங்குகின்றன. மருத்துவர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்று குறிப்பிடுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 0.5 யூனிட்டுக்கும் குறைவான இன்சுலினே போதுமானதாக இருந்து, ஹெச்பிஏ1சி எனப்படும் மூன்று மாதச் சராசரியும் நன்றாக இருந்தால், குழந்தை அந்தக் கட்டத்தில் இருக்கிறாள் என்று கொள்ளலாம். இது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் தொடங்கிச் சில மாதங்கள் நீடிக்கும். சிலருக்கு ஓராண்டையும் தாண்டும். எந்தப் பொடியும் உட்கொள்ளாத குழந்தைகளுக்கும் இப்படியே நிகழ்கிறது. இந்த இடைவேளையில் செலுத்தும் இன்சுலின்தான் மிச்சமிருக்கும் செல்களின் சுமையைக் குறைக்கிறது என்பதால், இதுவே அதை நிறுத்தக் கூடாத காலமும் ஆகும். உங்கள் உறவினர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் இந்தக் கட்டத்தில் இன்சுலினை நிறுத்திவிட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படும் குழந்தைகள் இன்றும் இருக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு அழுத்தமாக எழுதுகிறேன்.

பொடியைப் பொறுத்தவரை, அதில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மூலிகை என்ற பெயரில் விற்கப்பட்டவற்றில் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகளும் ஸ்டீராய்டும் கலந்திருந்தது பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே அதை நிறுத்திவிட்டு, அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது உறையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. உங்கள் மகளுக்கு வந்திருப்பது எதிர்ப்பு சக்தி குறைந்ததால் வந்த நோய் அன்று. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒருவகையான அவளுடைய டி செல்கள் வலுவோடுதான் இருக்கின்றன. அந்த வலு தன் கணையத்தின் மீதே திரும்பியதுதான் நோய். எதிர்ப்பு சக்தியை நிஜமாகவே கூட்டினால் என்ன ஆகும் என்பதைப் புற்றுநோய் மருத்துவத்தில் கண்கூடாகப் பார்க்கிறோம். டி செல்களுக்கு இடப்பட்டிருக்கும் தடையை நீக்கும் சில புதிய மருந்துகள் புற்றுக்கட்டிகளை அழிக்கின்றன. அதே மருந்துகளால் சில நோயாளிகளுக்குத் தைராய்டு அழற்சி வருகிறது, அரிதாகச் சிலருக்கு டைப் 1 சர்க்கரை நோயே வந்துவிடுகிறது.

டி செல்கள் எப்படி வளர்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். அவற்றின் மூலச் செல்கள் எலும்பு மஜ்ஜையில் தோன்றி, மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கும் தைமஸ் என்ற சிறு உறுப்புக்கு வந்து சேர்கின்றன. அதனால் பயன் ஒன்றும் இல்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. எலிக்குட்டிகள் பிறந்தவுடனே அவற்றின் தைமஸை அகற்றினால் அவற்றின் நோய்த்தடுப்பே குலைந்துவிடுகிறது என்பதை 1961-இல் ஜாக் மில்லர் காட்டிய பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. இங்கே ஒவ்வொரு செல்லும், எதிரியை அடையாளம் காண உதவும் ஏற்பி என்ற புரதத்தைத் தனக்கென உருவாக்கிக்கொள்கிறது. ஏற்பிக்கான மரபணுத் துண்டுகள் குருட்டாம்போக்காகக் கலைந்து சேர்வதால், உலகில் இதுவரை தோன்றாத கிருமியைக்கூட அடையாளம் காணும் ஏற்பி எங்கோ ஒரு செல்லில் அமைந்துவிடும். ஆனால் அதே குருட்டுக் கலைப்பில், சொந்த உடலையே எதிரியாக எண்ணும் ஏற்பிகளும் அமைந்துவிடுகின்றன.

எனவே தைமஸ் அவற்றைச் சோதித்துப் பார்க்கிறது. உடலின் அடையாளப் புரதங்களை அறவே உணராத செல் பயனற்றது என்று மடிந்துபோகிறது. உடலின் சொந்தப் பொருளை மிக இறுகப் பற்றும் செல் ஆபத்தானது என்று அழிக்கப்படுகிறது. உள்ளே நுழைந்தவற்றில் நூற்றுக்கு 5-க்கும் குறைவானவையே உயிரோடு வெளியேறுகின்றன. கணையத்தில் மட்டும் உண்டாகும் ஒரு பொருளை நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் எப்படிக் காட்டிச் சோதிக்கும் என்ற கேள்வி எழுவது இயல்பே. தைமஸின் உட்பகுதியில் இருக்கும் சில செல்கள், ஏயர் என்ற மரபணு போன்றவற்றின் துணையோடு, உடலின் வெவ்வேறு உறுப்புகளுக்கே உரிய ஆயிரக்கணக்கான புரதங்களைத் துளித்துளியாகத் தாமே தயாரித்து வளரும் டி செல்களுக்குக் காட்டுகின்றன. நோய்த்தடுப்பு இயலில் என்னை இன்றும் வியக்க வைக்கும் செய்தி இதுதான்: தைமஸில் இன்சுலினும் சிறிதளவு தயாராகிறது. இன்சுலின் மரபணுவுக்கு முன்னால் திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடர் சிலருக்கு நீளமாகவும் சிலருக்குக் குட்டையாகவும் அமைந்திருக்கும். நீளமாக அமைந்தவர்களின் தைமஸில் இன்சுலின் 2 முதல் 3 மடங்கு கூடுதலாகத் தயாராகிறது என்றும், அவர்களுக்கு டைப் 1 வரும் வாய்ப்பு குறைவு என்றும் 1997-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. குறைவாகக் காட்டப்படும்போது, இன்சுலினை எதிரியாக எண்ணும் சில செல்கள் சோதனையிலிருந்து தப்பி வெளியே வந்துவிடுகின்றன. மகளின் நோய்க்கு நீங்கள் கொடுத்த உணவோ வளர்த்த விதமோ காரணமாக இருக்குமோ என்ற கலக்கம் உங்களுக்கு இருந்தால், தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

இத்தகைய செல்கள் நம் எல்லோருடைய இரத்தத்திலும் சில உலவிக்கொண்டுதான் இருக்கின்றன. அப்படியிருந்தும் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. ஏன் என்பதற்கு விடை தேடியதற்குத்தான் நீங்கள் குறிப்பிட்ட நோபல் பரிசு. பிறந்து மூன்று நாளான எலிக்குட்டிகளின் தைமஸை அகற்றினால், எதிர்ப்பு சக்தி குறைவதற்கு மாறாக, அவற்றின் தைராய்டு, சூலகம் போன்ற உறுப்புகளை அவற்றின் டி செல்களே தாக்குகின்றன. வேறொரு நல்ல எலியின் டி செல்களைக் கொடுத்தாலோ தாக்குதல் தடைபடுகிறது. தாக்குவதும் டி செல், தடுப்பதும் டி செல் என்றால் இரண்டாவது வகை எது? மற்ற ஆய்வாளர்களில் பலர் நம்பிக்கை இழந்து விலகிய பிறகும் ஜப்பானைச் சேர்ந்த ஷிமோன் சகாகுச்சி இந்தத் தேடலைக் கைவிடவில்லை. மேற்பரப்பில் சிடி25 என்ற புரதத்தைத் தாங்கிய ஒரு சிறு பிரிவே அது என்று 1995-இல் நிறுவினார். அமெரிக்காவில் மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும், செதிள் படிந்த தோலோடு பிறந்து சில வாரங்களிலேயே இறந்துவிடும் ஒருவகை ஆண் எலிகளின் மரபணுக் குறையைத் தேடி, சந்தேகத்துக்குரிய 20 மரபணுக்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, கடைசி மரபணுவில் அதைக் கண்டார்கள். 2001-இல் வெளியான அந்த மரபணுவின் பெயர் ஃபாக்ஸ்பி3. கட்டுப்படுத்தும் டி செல்கள் உருவாவதற்கு அதுவே ஆதாரம் என்பது அடுத்த இரண்டாண்டுகளில் தெளிவாயிற்று.

இது எலிகளோடு நின்றுவிடும் செய்தியாகவும் இல்லை. ஃபாக்ஸ்பி3 பழுதுபட்டுப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு ஐபெக்ஸ் என்ற அரிய நோய் வருகிறது; கடுமையான வயிற்றுப்போக்கும் தோல் அழற்சியும் இருக்கும்; அவர்களில் பலருக்குப் பிறந்த சில நாட்களிலோ வாரங்களிலோ டைப் 1 சர்க்கரை நோயும் வந்துவிடும். உங்கள் மகளுக்கு அந்த நோய் இல்லை. ஆனால் கட்டுப்படுத்தும் செல்கள் இல்லாமற்போனால் பீட்டா செல்கள் எவ்வளவு விரைவில் தாக்கப்படுகின்றன என்பதற்கு அந்தக் குழந்தைகளே சான்று.

அப்படியானால் அந்தச் செல்களையே மருந்தாகக் கொடுத்தால் என்ன? கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நோயாளியின் இரத்தத்திலிருந்தே அவற்றைப் பிரித்து, ஆய்வகத்தில் பெருக்கி, திரும்பச் செலுத்தினார்கள். பாதுகாப்பானது என்பது தெரிந்தது. ஆனால் புதிதாக நோய் கண்ட 100-க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரிடம் நடந்த ஆய்வில் எஞ்சிய இன்சுலின் சுரப்பை அது காப்பாற்றவில்லை. செலுத்திய செல்கள் கணையத்துக்கென்று பயிற்றப்பட்டவை அல்ல என்பது ஒரு காரணமாக இருக்கலாம். பீட்டா செல்லை மட்டும் அடையாளம் கண்டு அங்கேயே சென்று காவல் நிற்குமாறு அவற்றை மாற்றியமைக்கும் முயற்சிகள் இப்போது நடக்கின்றன. எனக்கு இதில் மெய்யான நம்பிக்கை உண்டு. ஆனாலும் நோபல் பரிசைக் காட்டி இன்றைக்கே பணம் கட்டச் சொல்லும் சிகிச்சை எதையும் நாடாதீர்கள். முறையாகப் பதிவு செய்யப்பட்ட ஆய்வு எனில், ஆய்வில் உள்ள மருந்துக்காகப் பங்கேற்பவரிடம் பணம் கேட்பது வழக்கம் அன்று.

உங்கள் மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உடன்பிறந்தவருக்கு இந்த நோய் இருக்கும்போது மற்றொரு குழந்தைக்கும் வரும் வாய்ப்பு 100-ல் சுமார் 5; மற்றவர்களை விட அதிகம்தான், ஆனாலும் வராமலிருக்கும் வாய்ப்பே மிகப் பெரிது. சர்க்கரை ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இரத்தத்தில் தோன்றும் ஆன்டிபாடிகள் என்ற எதிர்ப்புப் புரதங்களைச் சோதித்துப் பார்க்க முடியும். பீட்டா செல்களில் இருக்கும் இன்சுலின், ஜிஏடி, ஐஏ2, சிங்க் டிரான்ஸ்போர்ட்டர் 8 ஆகிய நான்கு புரதங்களுக்கும் எதிரான ஆன்டிபாடிகளைப் பார்ப்பார்கள். ஒன்று மட்டும் இருந்தால் மீண்டும் சோதித்து உறுதி செய்ய வேண்டும். அவர்களில் பலருக்கு நோய் வருவதே இல்லை. இரண்டோ அதற்கு மேலோ இருந்தால், அத்தகைய குழந்தைகளில் 100-க்கு சுமார் 70 பேருக்குப் பத்தாண்டுகளில் நோய் வெளிப்படுகிறது.

முன்கூட்டித் தெரிந்து என்ன பயன் என்று நீங்கள் நினைக்கலாம். கீட்டோன் மயக்கத்தோடு மருத்துவமனைக்கு வரும் நிலையைத் தவிர்க்கலாம் என்பது ஒன்று. மற்றொன்று, டெப்லிசுமாப் என்ற மருந்து. இது டி செல்களின் மீது நேரடியாகச் செயல்படுகிறது; தொடர்ந்து 14 நாட்கள் நரம்பு வழியாகச் செலுத்தப்படுகிறது. இரண்டோ அதற்கு மேலோ ஆன்டிபாடிகள் இருந்து, சர்க்கரையும் இலேசாக மாறத் தொடங்கிய, 8 வயது நிரம்பியவர்களுக்கு, நோயைத் தள்ளிப்போடுவதற்கென 2022 நவம்பரில் அமெரிக்காவில் இது அனுமதிக்கப்பட்டது. 76 பேரிடம் நடந்த ஆய்வில் நோய் வெளிப்படுவதைச் சராசரியாக இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டது. எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை, விலையும் மிக அதிகம். நோய் ஏற்கெனவே வெளிப்பட்டுவிட்ட உங்கள் மகளுக்கு அந்த அனுமதி பொருந்தாது.

ஆகவே மகளின் அடுத்த பரிசோதனையின்போது மகனுக்கும் ஆன்டிபாடிச் சோதனை எடுப்பது பற்றிக் கேளுங்கள். மகளுக்கு உரிய தடுப்பூசிகளையும் வழக்கம்போலப் போடச் சொல்லுங்கள். இந்த நோயைக் காரணம் காட்டி அவற்றை நிறுத்த வேண்டியதில்லை. மகனுக்குச் சோதனை முடிவு எப்படி வந்தாலும், தாகம் அதிகரிப்பது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது, இரவில் படுக்கையை நனைப்பது, காரணமின்றி எடை குறைவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும், மகளுக்காக வீட்டில் வைத்திருக்கும் குளுக்கோமீட்டரில் அன்றே அவனுக்கும் பார்த்துவிடுங்கள். அளவு 200-க்கு மேல் இருந்தால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.